மயக்கமும் மறதியும்

ஆபரேஷன் என்றதும் நம்மவர்களுக்குக் கத்தியைவிட மயக்க ஊசியின் மேல்தான் பயம் அதிகம். நீங்களும் கவனித்திருப்பீர்கள். மயக்கம் தெளியாமல் போனால் என்ன செய்வது என்பது ஒரு பயம். பாதியில் தெளிந்துவிட்டால் என்பது அதைவிடப் பெரிய பயம்.

தெம்பனிஸில் வசிக்கும் என் அக்காவுக்குப் பித்தப்பையில் கல். எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஏழு மாதம் தள்ளிப்போட்டார். இரண்டு முறை வலி தாங்காமல் நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடியும் மனம் மாறவில்லை. காரணம், வட்டச் சந்தையில் காய்கறி வாங்கும்போது பக்கத்துப் புளோக் மாது ஒருவர் சொன்ன கதை. மூட்டு மாற்றியபோது சுத்தியல் சத்தமும் டாக்டர்கள் பேசியதும் அவர் காதில் விழுந்ததாம்!

அந்த மாது சொன்னது பொய்யல்ல. ஆனால் அவருக்கு முழு மயக்கமே கொடுக்கப்படவில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, மேலே லேசாகத் தூக்க மருந்து கொடுத்திருந்தார்கள். அந்த நிலையில் சத்தம் கேட்பது சகஜம், வலிதான் தெரியாது.

தூக்க மருந்து வேறு, முழு மயக்கம் வேறு. இதைத்தான் நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

என் கணவருக்குக் குடலில் குழாய் விட்டுச் சோதனை செய்தபோது தூக்க மருந்து கொடுத்தார்கள். முடிந்ததும் டாக்டரிடம் நன்றாகவே பேசினார், தலையாட்டினார். ஒரு மணி நேரம் கழித்து, "டாக்டர் இன்னும் வரவில்லையா?" என்று என்னைக் கேட்டார்! மிடாசோலம் போன்ற மருந்துகளின் குணம் அது. ரேடியோ பாடிக்கொண்டிருக்கும், கேசட்டில் பதிவாகாது. நினைவில்லை என்பதாலேயே அப்போது உணர்வு இல்லை என்று ஆகிவிடாது.

தூக்க மருந்துதானே என்று அலட்சியமும் கூடாது. 2009 டிசம்பரில் சிங்கப்பூரில், தனியார் கிளினிக் ஒன்றில் கொழுப்பு அகற்றிக்கொண்ட ஒருவர் இறந்துபோனார். புரோபோஃபால் என்ற மருந்தின் மயக்கத்தில் மூச்சுப்பாதை அடைபட்டதே காரணம் என்று மரண விசாரணையில் முடிவானது. மருந்து சற்றுக் கூடினால் தூக்கம் ஆழ்ந்த மயக்கமாகிவிடும். மூச்சைக் கவனிக்கத் தேர்ந்த ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

முழு மயக்கத்தில் அந்த வேலைக்கென்றே மயக்க மருந்து நிபுணர் இருக்கிறார். இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், பிராணவாயு, மயக்க வாயுவின் அளவு எல்லாவற்றையும் கடைசி வரை கவனிப்பது அவர் பொறுப்பு. அப்படியும் நடுவில் விழிப்பு வருவதுண்டா? உண்டு, ஆனால் மிக அபூர்வம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடத்திய பெரிய ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. அதன்படி சுமார் 19,000 மயக்கங்களுக்கு ஒன்றில்தான் நோயாளி தாமாக வந்து அப்படிச் சொன்னார். அவற்றிலும் பெரும்பாலானவை மயக்கம் ஏறும்போதோ தெளியும்போதோ சில நிமிடங்களே நீடித்தவை. தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்திருந்தால் கையசைக்கவும் முடியாது. அதனால்தான் அது அத்தனை பயங்கரமாக இருக்கிறது. அவசர ஆபரேஷன், குழந்தையை எடுக்கும் ஆபரேஷன் ஆகியவற்றில் இது சற்று அதிகம்.

இதையெல்லாம் சொல்லி, அக்காவை நிபுணரிடமே கேட்க வைத்தேன். "பாதியில முழிச்சு, வாய் திறக்க முடியாமப் போனா என்ன டாக்டர் செய்வேன்?" என்றார். அந்த அம்மா சிரிக்கவில்லை. "நீங்க கேட்டது நல்லதும்மா. நான் உங்க தலைமாட்டுலதான் இருப்பேன்" என்று சொல்லி, ஒவ்வொன்றாக விளக்கினார். மறு மாதமே கல் வெளியே வந்துவிட்டது. கண் மூடியதும் திறந்ததும்தான் தெரியும் என்கிறார் அக்கா.

வாசகர்களே, தோட்டத்தில் இருந்தாலும் நகரத்தில் இருந்தாலும் இதை மறவாதீர்கள். எனக்குக் கொடுக்கப்போவது எந்த வகை மயக்கம், யார் பக்கத்தில் இருப்பார் என்று முன்கூட்டியே கேளுங்கள். சாப்பிடும் மாத்திரை, நாட்டு மருந்து, மதுப் பழக்கம், ஆடும் பல், முன்பு மயக்கத்தில் உங்களுக்கோ உறவினருக்கோ நேர்ந்த தொல்லை எதையும் மறைக்காதீர்கள். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் அப்படியே செய்யுங்கள். டாக்டர் பிறகு சொல்வதைக் கேட்டுக்கொள்ள வீட்டார் ஒருவரை அழைத்துப் போங்கள். அன்று முழுதும் வண்டி ஓட்டவோ பத்திரத்தில் கையெழுத்திடவோ வேண்டாம். பிறகு எப்போதாவது, நடுவில் ஏதோ கேட்டது போல நினைவு வந்தால், கனவு என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். உங்கள் அடுத்த மயக்கத்தைக் கவனமாகக் கொடுக்க அது உதவும்.