ஒரு சக்கரம், 127 பற்கள்

லண்டன் சயின்ஸ் மியூசியத்தில், பிரம்மாண்டமான நீராவி இயந்திரங்கள் நிற்கும் கூடத்துக்குள் ஒரு மாடி அறை இருக்கிறது. ஜேம்ஸ் வாட் தன் கடைசிக் காலத்தில் உட்கார்ந்து வேலை செய்த வீட்டுப் பட்டறை அது. பர்மிங்காமை ஒட்டிய ஹாண்ட்ஸ்வொர்த்தில் அவர் வீட்டின் உச்சியில் இருந்தது. 1819இல் அவர் இறந்தபின் பெரும்பாலும் பூட்டியே கிடந்ததை, 1924இல் தரைப்பலகை, கதவு, ஜன்னலோடு பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். 8,000க்கும் மேற்பட்ட சாமான்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, ஜன்னலோர லேத்தையும் சின்னச் சின்ன இழுப்பறைகளையும் பலகைகளில் நெருக்கியடித்து நிற்கும் பிளாஸ்டர் தலைகளையும் பார்த்தேன். அரை மணி நேரம் கால் நகரவில்லை.

அந்தத் தலைகளுக்குக் காரணம் அறைக்குள் நிற்கும் இரண்டு இயந்திரங்கள். சிலையை நகலெடுப்பவை. ஒரு முனை மூலச் சிலையின் நெற்றி, மூக்கு, உதடு என்று தடவிக்கொண்டே போகும். அதோடு பிணைத்த இன்னொரு முனையில் உளி சுழலும். தடவும் முனை மேடேறினால் உளியும் ஏறும், பள்ளத்தில் இறங்கினால் உளியும் இறங்கும். ஓர் இயந்திரம் அதே அளவில் நகல் தரும், மற்றது சிறிதாக்கித் தரும். நீராவி இயந்திரத்துக்கு 1769இல் வாங்கிய காப்புரிமையை, நாடாளுமன்றச் சட்டத்தின் துணையோடு 1800 வரை விடாமல் காத்தவர் வாட். சிலை இயந்திரத்துக்கோ காப்புரிமை வாங்காமலே போய்ச்சேர்ந்தார். செய்த நகல்களை நண்பர்களுக்குக் கொடுத்தார். எண்பது வயதிலும் ஒரு மனிதரை மாடிப்படி ஏற வைத்த சந்தோஷம் அது.

அந்தச் சந்தோஷம் இன்னும் உயிரோடு இருக்கும் ஓர் இடத்தைப் பார்க்க மறுநாள் செயின்ட் பாங்க்ராஸில் ரயிலேறினேன். நாட்டிங்காமுக்குப் பக்கத்தில் பீஸ்டன். ஒரு காலத்தில் லேஸ் துணி நெய்த ஊர். 1934இல் இங்கே ஒரு பழைய லேஸ் ஆலையில் தொடங்கிய மைஃபோர்ட் நிறுவனம், 1946இல் எம்எல்7 என்ற சிறு லேத்தைக் கொண்டுவந்தது. பட்டறை முதலாளிகளைவிட வீட்டில் வைத்துக் கடைபவர்களே அதை அதிகம் கொண்டாடினார்கள். இங்கிலாந்தில் 'மாடல் இன்ஜினியர்' என்ற பத்திரிகை 1898இல் தொடங்கியது. ஆபீஸ் விட்டு வந்து, கைப்பிடி அளவு நீராவி இயந்திரத்தைத் தோட்டத்துக் கொட்டகையில் செய்பவர்களின் உலகம் அவ்வளவு பழையது.

நான் போனதும் அப்படி ஒரு கொட்டகைக்குத்தான். நண்பரின் நண்பர், ஓய்வுபெற்ற ஃபிட்டர். எட்டடிக்குப் பத்தடி இருக்கும். கதவைத் திறந்ததும் இரும்பும் எண்ணெயும் கலந்த வாசனை. ஜன்னலடியில் சாம்பல் நிற எம்எல்7. அதற்கு எதிர்ப்பலகையில், ஒரு தையல் மெஷின் இடத்தை அடைத்துக்கொண்டு, முப்பரிமாண பிரிண்டர்.

அந்த பிரிண்டரின் வம்சம் பாத் நகரில் தொடங்குகிறது. அங்கே பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005இல் ரெப்ராப் என்ற முயற்சியைத் தொடங்கினார். பிளாஸ்டிக் இழையை உருக்கி, கோடு கோடாக இழுத்து, அடுக்கடுக்காகப் பொருளை எழுப்பும் இயந்திரம். தன் பிளாஸ்டிக் பாகங்களைத் தானே அச்சிட வேண்டும் என்பது அவர் ஆசை. மோட்டாரும் இரும்புக் கம்பியும் கடையில் வாங்கிக்கொள்ளலாம். முதல் இயந்திரத்துக்கு டார்வின் என்று பெயர். 2008 மே 29 அன்று அதன் பாகங்களிலிருந்து பிறந்த 'பிள்ளை' ஓடியது. ஓடத் தொடங்கிய சில நிமிஷங்களில் 'பேரனுக்கான' முதல் பாகத்தை அச்சிட்டது. வரைபடங்களை போயர் உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டார். இந்த முறையின் மூலக் காப்புரிமை 2009இல் முடிய, செக் நாட்டு இளைஞர் யோசஃப் பிரூசா போன்றவர்கள் வடிவத்தை எளிதாக்க, கொட்டகைக்குக் கொட்டகை பிரிண்டர் வந்துவிட்டது. பெரியவருடையதும், இப்படிக் கொட்டகையில் கடைபவர்களின் சங்கத்தில் அவருடைய நண்பரின் பிரிண்டர் பெற்றெடுத்த பாகங்களால் ஆனதுதான்.

"இவர்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வதைப் பாருங்கள்" என்றார், லேத்தையும் பிரிண்டரையும் காட்டி.

அந்த லேத்துக்கு மில்லிமீட்டர் தெரியாது. உளியை நகர்த்தும் கைப்பிடியில் ஒரு சுற்றுக்கு 100 கோடுகள். ஒரு கோடு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம்மூர்ப் பட்டறைகளில் சொல்லும் ஒரு நூலில் இப்படி 125 கோடுகள் அடங்கும். மரை வெட்டும்போது உளியை இழுத்துச் செல்லும் நீளத் திருகு ஒரு சுற்றில் நகர்வது எட்டில் ஒரு அங்குலம், அதாவது 3.175 மில்லிமீட்டர். பிரிண்டருக்கு வேண்டிய மரையோ சுற்றுக்குச் சரியாக 1 மில்லிமீட்டர். இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவே பாலம் ஒரே ஒரு எண்: 127. லேத்தின் சுழலும் அச்சில் 40 பல் சக்கரமும் திருகில் 127 பல் சக்கரமும் மாட்டினால், 3.175ஐ 40ஆல் பெருக்கி 127ஆல் வகுக்க, மிச்சமில்லாமல் 1 வரும்.

அந்த 127 பல் சக்கரத்தைத்தான் பிரிண்டர் அவருக்குச் செய்து கொடுத்திருந்தது. உள்ளங்கையைவிட அகலமான ஆரஞ்சு நிறத் தட்டு. மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து வரும் பிஎல்ஏ பிளாஸ்டிக். விரலால் தடவினால் அடுக்குகளின் வரி நகத்தில் தட்டுப்படுகிறது. வரைந்தவர் யாரோ, எந்த நாட்டுக்காரரோ. அதையும் எல்லோருக்குமாகத் திறந்து வைத்திருந்தார்.

கைம்மாறாக லேத் செய்யப்போவது பிரிண்டரின் நாசில், பிளாஸ்டிக் உருகி வழியும் பித்தளை மூக்கு. அதன் மரை 6 மில்லிமீட்டர் பருமன், 1 மில்லிமீட்டர் இடைவெளி. டை போட்டும் மரை எடுக்கலாம், ஆனால் அது சாய்ந்துபோகக்கூடும். லேத்தில் வெட்டினால் நேராக வரும். மோட்டாரை நிறுத்தி, அச்சின் பின்பக்கம் ஒரு கைப்பிடியை மாட்டி என்னிடம் தந்தார்.

"நிதானமாகச் சுற்றுங்கள். எனக்கும் அவசரமில்லை, இதற்கும் அவசரமில்லை."

சுற்றினேன். பித்தளையிலிருந்து பொன்னிறத் துகள்கள் உதிர்ந்தன. மரையின் முடிவுக்கு வந்ததும் அவர் உளியை வெளியே இழுத்துக்கொள்ள, நான் பின்பக்கமாகச் சுற்றித் தொடக்கத்துக்கே வந்தேன். அங்குலத் திருகில் மில்லிமீட்டர் மரை வெட்டும்போது பிணைப்பை அவிழ்த்தால் உளி பழைய தடத்தில் விழாது. வந்த வழியே திரும்பித்தான் ஆக வேண்டும். முதலில் மூன்று மூன்று கோடு, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. மொத்தம் 24 கோடு ஆழம். ஆரஞ்சுச் சக்கரம் இரும்புச் சக்கரத்தோடு சத்தமே இல்லாமல் உருண்டது. பிசிறு நீக்கி, கடையில் வாங்கிய ஒரு நட்டை நீட்டினார். மாட்டி விரலால் தட்டினேன். வழுக்கிக்கொண்டு ஓடியது.

பின்பக்கமிருந்து 2 மில்லிமீட்டர் துளை, நுனிக்குக் கொஞ்சம் முன்பு வரை. பிறகு தலைமுடியைவிடச் சில மடங்கே தடித்த 0.4 மில்லிமீட்டர் துளைப்பான். அதைச் செலுத்தும்போது அவர் மூச்சை அடக்கிக்கொண்டார்; நானும் அடக்கிக்கொண்டேன். நுனியில் ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தது.

சாயங்காலம் நாசிலை பிரிண்டரில் பொருத்தி, 200 டிகிரிக்குச் சூடேற்றினார். அவர் அடுத்து அச்சிட வைத்தது இன்னொரு 127 பல் சக்கரம். அதே லேத் வைத்திருக்கும் சங்கத்துக்காரர் ஒருவருக்காம். லேசான இனிப்பு வாசனையோடு முதல் கோடு விழுந்தது. புது மூக்கு வட்டத்தின் விளிம்பில், ஒரு பல்லின் மேல் ஏறி, இடுக்கில் இறங்கி, அடுத்த பல்லில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. வாட்டின் மாடியறையில் அந்த முனை நெற்றியிலும் உதட்டிலும் இப்படித்தான் ஏறி இறங்கியிருக்கும். வெளியே இருட்டிவிட்டது. விளிம்பு முழுவட்டமாக மூடும்வரை நாங்கள் இருவரும் பேசவில்லை.