கிரீஸ் படிந்த கை

கூட்டமோ வழக்கு வேலையோ இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் நான் வண்டியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன். மாணவர்களிடம் இதைச் சொன்னால் சிலர், "அக்கா, உங்களுக்கு டேப்பட் செட்டிங் எல்லாம் தெரியுமா?" என்று வியக்கிறார்கள். வேறு சிலர் வாயைத் திறப்பதில்லை. இத்தனை பிரச்சினைகளுக்கு நடுவில் இதெல்லாம் ஒரு பொழுதுபோக்கா என்பது அவர்கள் முகத்திலேயே தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது பழைய ஸ்ப்ளெண்டர். எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியது. நூறு சிசி கூட முழுசாகக் கிடையாது, 97.2. கரடுமுரடான பாதைக்கென்றே செய்யப்படும் ஹிமாலயன் போன்ற வண்டிகளின் அடிப்பாகம் தரையிலிருந்து சுமார் 220 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். என் வண்டி கொஞ்சம் பெரிய கல்லைக் கண்டாலே இடிக்கும். வேலூர், திருப்பத்தூர் பக்கத்து மலைக் கிராமங்களுக்கு வேலையாகப் போய்ப் போய், வேலை இல்லாத நாளிலும் அந்த மண்பாதைகளில் ஓட்டிப் பார்க்கும் ஆசை ஒட்டிக்கொண்டது.

தார் ரோட்டில் ஓட்டுகிற பழக்கம் எதுவும் அங்கே உதவாது. சீட்டில் உட்காரக்கூடாது. ஃபுட்ரெஸ்ட்டில் நின்று, முழங்காலால் டேங்க்கை அணைத்து, ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடிக்கவேண்டும். முன்சக்கரத்துக்குக் கீழே இருக்கும் கல்லைப் பார்த்தால் விழுவோம்; பத்தடிக்கு அப்பால் பார்க்கவேண்டும். இறக்கத்தில் ஃபர்ஸ்ட் கியரில் விட்டு இன்ஜினையே பிரேக்காக நம்பவேண்டும். சரளைக்கல்லில் முன் பிரேக்கைத் தொட்டால் கதை முடிந்தது. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடிமானம் கூடும். ரொம்பக் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கிக் கிழியும். ஓடையைக் கடக்குமுன் இறங்கி நடந்து ஆழம் பார்க்கவேண்டும். தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால் கிக்கரை உதைக்கவே கூடாது. முதலில் பிளக்கைக் கழற்றி, உள்ளே தண்ணீர் போயிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அங்கே மெக்கானிக் கடை கிடையாது, பல இடங்களில் செல்போன் டவரும் கிடையாது. மண்பாதையில் ஓட்ட ஆசைப்பட்டால் ஸ்பேனரும் பிடித்தே ஆகவேண்டும்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் ஊர் மெக்கானிக் பாய். முதல் வாரம் என்னை 'மேடம்' என்றார். மூன்றாவது வாரம் 'இந்தாம்மா, அத எடு' ஆகிவிட்டது. அவர் கடையில் நான் முதலில் கற்றது சத்தம் கேட்பது. "ஸ்பேனர அப்புறம் எடுக்கலாம். மொதல்ல சத்தத்த கேளு" என்பார். டேப்பட் சத்தம் வேறு, செயின் லூசாகி கவரில் அடிக்கும் சத்தம் வேறு. டேப்பட் செட் செய்வதை ஆறு ஞாயிறு பக்கத்தில் நின்று பார்த்தேன். இன்ஜின் ஆறியிருக்கவேண்டும், மேக்னட்டில் இருக்கும் 'டி' குறியை நேராக்கி, இரண்டு வால்வும் மூடியிருப்பதை உறுதிசெய்து, ஃபீலர் கேஜை இடைவெளியில் விட்டு இழுக்கவேண்டும். தகடு லேசாகப் பிடித்து வரவேண்டும், வழுக்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது. அந்த 'லேசாக' என்பதை எந்தப் புத்தகத்திலும் படிக்க முடியாது, விரல்தான் கற்றுக்கொள்ளவேண்டும். எழுதப்படாத அறிவு பற்றி எம்.ஏ. வகுப்பில் ஒரு பருவம் முழுக்கப் பேசினோம். அங்கே இருந்த யாரும் ஒரு நட்டைக்கூடக் கழற்றியதில்லை என்பது இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

இந்த வேலை அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலைத் தூக்கித் தூக்கி அவர் விரல் இடுக்குகள் வெந்திருக்கும். வேலை விட்டு வந்ததும் கிணற்றடியில் பார் சோப்பைப் போட்டுக் கையைத் தேய்ப்பார், தேய்த்துக்கொண்டே இருப்பார். சோறு பிசையுமுன் ஒருமுறை முகர்ந்து பார்ப்பார். நான் முதன்முதலில் செயின் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றியபோது கதவுப்பக்கம் நின்று பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கும்மா உனக்கு இந்த வேல? கைய கறையாக்கிக்கவா படிக்க வெச்சேன்?" என்றார். எனக்கு பதில் வரவில்லை. அவர் உழைப்பை இழிவாக நினைக்கவில்லை. தன் கைக்குக் கிடைக்காத ஒன்று மகள் கைக்குக் கிடைக்கவேண்டும் என்று முப்பது வருஷம் தோல் தூக்கினார். அது சுத்தமான கை என்று அவர் நினைக்கிறார். வேண்டாம் என்று சொல்லவும் வேண்டும் என்று சொல்லவும் முடிகிற கை என்று நான் நினைக்கிறேன்.

அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில், சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமில்லை, வேலை செய்கிறவர்களைப் பிரித்துவைப்பது என்று வாதிடுவது நம் எல்லாருக்கும் தெரியும். அதே இடத்தில் அவர் சொல்லும் இன்னொன்றை நாம் அதிகம் பேசுவதில்லை. இந்த ஏற்பாட்டில் தனி மனிதரின் விருப்பத்துக்கு இடமே இல்லை என்கிறார். ஒரு வேலையைப் பிடித்துப்போய்ச் செய்வது, பிடிக்காதபோது விடுவது, சும்மா ஆசைக்காகக் கற்றுக்கொள்வது, இவையெல்லாம் நமக்கு மறுக்கப்பட்டவை. பொழுதுபோக்கு என்ற சொல்லை நம்மாட்கள் கொஞ்சம் கூச்சத்தோடு சொல்வதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில், புல்லட் ஓட்டினார் என்பதற்காக ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டியதாக வழக்குப் பதிவானது. வண்டி வெறும் வண்டி என்றால் அங்கே அரிவாளுக்கு என்ன வேலை?

ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு ஒரு உறுத்தலும் உண்டு. ஒருமுறை மலையில் ஏழெட்டு ஜீப்புகளோடு ஒரு குழு வந்திருந்தது. நல்லவர்கள்தான், எனக்கு டீ கொடுத்தார்கள், என் ஸ்ப்ளெண்டரைப் பார்த்துக் கைதட்டினார்கள். மழை பெய்த பாதையில் நான்கு சக்கரமும் சுழலச் சுழல ஏறி இறங்கி வீடியோ எடுத்தார்கள். அன்று சாயங்காலம் ரேஷன் அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த பெண்கள் அதே பாதையில் முழங்கால் சேற்றில் நடந்தார்கள். அவர்களுக்கு வேறு பாதை இல்லை. ஒருவர் என்னிடம், "ரோடு போட்டுட்டா இந்த இடத்தோட அழகே போயிடும் மேடம்" என்றார். நான் அல்லேரியைப் பற்றிச் சொன்னேன். 2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ரோடு இல்லாததால் ஆஸ்பத்திரிக்கு நேரத்தில் கொண்டுபோக முடியாமல் குழந்தை இறந்தது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, தாய் குழந்தையின் உடலைச் சுமந்துகொண்டு மலையில் நடந்தார். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வண்டியில் ஏறிக்கொண்டார்.

காடு என்பதால் ரோடு போட முடியாது என்ற பதிலை நீங்களும் அலுவலகங்களில் கேட்பீர்கள். அப்போது 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(2)ஐக் கையில் வைத்திருங்கள். பள்ளி, அங்கன்வாடி, குடிநீர், சாலை என்று 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை அந்தப் பிரிவின்கீழ் ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. கிராம சபை பரிந்துரைக்கவேண்டும். அந்தப் பரிந்துரைத் தீர்மானத்தை எழுத உட்காரும்போது, பாதையில் எங்கே ஓடை குறுக்கிடுகிறது, எந்தத் திருப்பத்தில் மண் சரிகிறது, எந்த மேட்டில் ஆம்புலன்ஸ் நிச்சயம் நிற்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடமாக இருந்தது. அந்த இடங்களிலெல்லாம் என் வண்டி எப்போதாவது நின்றிருக்கிறது.

தார் வந்துவிட்டால் என் ஞாயிற்றுக்கிழமைப் பாதை ஒன்று போய்விடும். போகட்டும். ஏரிக்கரையில் மண்பாதை இருக்கிறது.

ஆரம்பிக்க ஆசைப்படுகிறவர்கள் உடனே பெரிய வண்டிக்குக் கடன் வாங்காதீர்கள். வீட்டில் இருக்கும் வண்டியே போதும். 10, 12, 14, 17 ஸ்பேனர்கள், ஒரு பிளக் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், பஞ்சர் ஒட்டும் சாமான், ஒரு பழைய பனியன் துணி. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபிறகு வாங்கிய வண்டியென்றால் பெரும்பாலும் கார்ப்பரேட்டர் இருக்காது, சென்சாரும் இன்ஜெக்டரும்தான். அதை வீட்டில் நோண்டவேண்டாம். பிளக், ஏர் ஃபில்டர், செயின், பிரேக், கிளட்ச் கேபிள் இவற்றை யாரும் நம்மிடமிருந்து பிடுங்கிவிடவில்லை. காப்புக்காடு என்று பலகை இருந்தால் அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள். சாகசம் செய்கிறவருக்கு அபராதத்தோடு போய்விடும், அடுத்த நாள் விறகு பொறுக்க வரும் அந்த ஊர்ப் பெண்ணிடம்தான் வனக்காவலர் கோபத்தைக் காட்டுவார்.

தீர்மான நகலை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் மறுபடி மேலே போகவேண்டும். பின் டயர் வழவழவென்று தேய்ந்துவிட்டது, மழைக்கு முன் மாற்றியாகவேண்டும். அப்பா கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு டயர் லீவரைப் பிடிக்க வருகிறேன் என்றிருக்கிறார், கையில் கறை படாமல்.