முதுகில் இருந்த பலகை

போன மாதம் காரைக்குடியிலிருந்து ஓர் அம்மா, ரவிவர்மா அச்சகத்து லட்சுமி படத்தைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்து வந்தார். 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் அது. நிறத்துக்கு ஒரு கல் என்று வைத்து அச்சிட்டார்கள்.

சட்டத்தைக் கவிழ்த்து ஆணிகளைப் பிடுங்கினேன். பின்னால் பெட்டிப் பலகை. அதில் கணு இருந்த இடத்துக்கு நேராகத் தாளிலும் அதே அளவு பழுப்பு வட்டம். படத்தைச் சுற்றி வைத்திருந்த மவுண்ட் அட்டையின் விளிம்பு பட்ட இடமெல்லாம் சூடு போட்டதுபோல ஒரு கோடு. சாம்பிராணிப் புகையைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். இங்கே தாளைத் தின்றது மரத்திலும் மட்ட அட்டையிலும் இருந்த அமிலம்.

"நல்லா ஒட்டிடுங்க தம்பி, சுருங்காம இருக்கும்" என்றார்.

"ஒட்டினா அப்புறம் எடுக்க முடியாதும்மா."

மழைக்காலத்தில் தாள் விரியும், கோடையில் சுருங்கும். நாலு பக்கமும் ஒட்டினால் போக்கிடமில்லாமல் அலையலையாக மேடு தட்டும். அதனால் மேல் விளிம்பில் இரண்டே இடத்தில், ஜப்பானியத் தாள் துண்டுகளால் தொங்கவிடுகிறேன். பசை கோதுமை ஸ்டார்ச். மைதாவை அப்படியே காய்ச்சினால் ஆகாது; அதிலுள்ள புரதம் பூச்சியைக் கூப்பிடும். மாவைப் பிசைந்து தண்ணீரில் அலசி, அடியில் தங்கும் வெள்ளையை மட்டும் காய்ச்சி வடிகட்டுவேன். ஐம்பது வருஷம் கழித்து யாரோ ஒருவர் ஈரத் தூரிகையை வைத்தால் அது கழன்று வர வேண்டும். என் வேலைக்கு நான் வைத்திருக்கும் ஒரே அளவுகோல் இதுதான்.

முதுகுக்கும் மவுண்டுக்கும் பருத்தி அட்டை. மவுண்டின் கனத்தால் கண்ணாடி படத்தைத் தொடாமல் நிற்கும். தொட்டால் நம் ஊர் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது முகம் கண்ணாடியோடு வந்துவிடும்.

அந்த அம்மாவின் மகன் பளபளக்கும் பொன்னிறச் சட்டம் கேட்டார். படத்திலேயே நகையும் ஜரிகையும் இருக்கும்போது சுற்றிலும் இன்னொரு பொன் எதற்கு? பழைய தேக்குச் சட்டத்தையே துடைத்துப் போட்டேன். கண்ணுக்குப் படம் கீழே சரிவதுபோலத் தெரியாமலிருக்க, மவுண்டின் அடிப்பக்கத்தைச் சற்று அகலமாக வெட்டினேன்.

ஒன்றை மட்டும் என்னால் மீட்க முடியவில்லை. சட்டத்துக்குள் நுழைப்பதற்காக முன்பு யாரோ படத்தின் அடி ஓரத்தை நறுக்கியிருக்கிறார்கள். அச்சகத்தின் பெயரில் பாதி எழுத்துகள்தான் மிச்சம். உங்கள் வீட்டில் இப்படி ஒரு படம் இருந்தால், ஓரத்தை வெட்ட விடாதீர்கள். சட்டத்தைப் பெரிதாகச் செய்யச் சொல்லுங்கள்.