களிமண்ணும் சர்க்கரைக் கட்டியும்



இந்த அமெரிக்க மண்ணில் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்தும் குடும்பங்கள் நம் சபையிலும் உண்டு. அவர்கள் என்னிடம் கொண்டுவரும் கேள்விகளில் வேத சம்பந்தமானவை சில. பசையும் அட்டையும் சம்பந்தமானவை பல. வரலாற்றுப் பாடநூல் ஒவ்வொரு அதிகாரத்தின் முடிவிலும் ஒரு கைவேலையைக் கேட்கிறது. சர்க்கரைக் கட்டிகளால் பிரமிடு, காகிதக் கிரீடம், உப்பு சேர்த்துப் பிசைந்த மாவில் நாட்டுப்படம். இவற்றை விட்டுவிட்டு வாசிப்போடு நிறுத்திக்கொள்ளலாமா?

இரவுப் பணி பார்க்கும் செவிலியரான ஒரு சகோதரி ஆராதனைக்குப் பின் என்னிடம் சொன்னார்: "ஐயா, பாடம் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. வெட்டி, ஒட்டி, மேசையைத் துடைத்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆகிறது. அரைகுறையாய் நின்றுபோனவை அலமாரியில் கிடந்து என் முகத்தைப் பார்க்கின்றன. பேசாமல் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பிவிடலாமா என்று நினைக்கிறேன்." ஒரு குடும்பத்தின் கல்வி எப்படி அமையவேண்டும் என்பதைப் பசைப் புட்டி தீர்மானிக்கலாகாது. ஆகவே இவ்வாரம் இதைப்பற்றியே எழுதத் துணிகிறேன்.

முதலில் அச்சத்தை அகற்றிவிடுவோம். வீட்டுக்கல்வி ஐம்பது மாநிலங்களிலும் சட்டப்படி செல்லும், விதிகள்தாம் மாறுபடும். பென்சில்வேனியாவைப் போலக் கண்டிப்பான மாநிலத்தில் பிள்ளையின் வேலை மாதிரிகளைத் தொகுத்து மதிப்பீட்டாளரிடம் காட்டவேண்டும். அங்கும் எழுத்து மாதிரிகள் ஏற்கப்படுகின்றன. ஓவியம் தனிப் பாடமாகவே எண்ணப்படுகிறது. வரலாற்றில் கைவேலை இருந்தே தீரவேண்டும் என்று கேட்பது சட்டமன்று, பாடநூலே.

வீட்டுக்கல்வியாளர்கள் பலர் போற்றும் சார்லட் மேசன் அம்மையார் 'ஹோம் எஜுகேஷன்' என்னும் நூலில், பயனற்ற சில்லறைப் பொருள்களைச் செய்வதில் பிள்ளைகளை ஈடுபடுத்தவேண்டாம் என்று எச்சரித்தார். வரலாற்றுக்கு அவர் பெரிதும் நம்பிய முறை வேறு: நல்ல நூலை ஒருமுறை வாசித்து, கேட்டதைப் பிள்ளை தன் சொந்த வார்த்தைகளில் திருப்பிச் சொல்வது. அதற்கு வாயும் செவியும் போதும்.

ஆயினும் கைவேலையை முற்றும் தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. எசேக்கியேலின் நான்காம் அதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். தீர்க்கதரிசி ஒரு செங்கலை எடுத்து, அதில் எருசலேமை வரைந்து, அதைச் சுற்றிக் கொத்தளமும் பாளையமும் அமைக்கிறார். அங்கே வைக்கப்பட்ட ஒவ்வொரு பொருளும் வரப்போகும் முற்றுகையின் ஓர் உறுப்பு; அலங்காரத்துக்காக ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் நானும் என் மனைவியும் இதையே அளவுகோலாக வைத்துக்கொண்டோம்: செய்யும் வேலையே அந்தக் காலத்தவரின் வேலையை உணர்த்துகிறதா, அல்லது வரலாற்றின் பெயரை மட்டும் சுமக்கிறதா?

மெசொப்பொத்தாமியா பாடத்தில் ஈரக் களிமண் கேட்டிருந்தார்கள். அதைச் செய்தோம். எங்கள் இளையவன் குச்சியால் ஒரு வட்டம் கீறினான். களிமண் இருபுறமும் கரையாய் ஒதுங்கி, வட்டம் பிய்ந்துபோயிற்று. பின்பு குச்சியின் முனையைச் சாய்த்து அழுத்தினான். சுத்தமான ஆப்பு வடிவம் விழுந்தது. சுமேரியரின் சித்திர எழுத்துகள் நாளடைவில் ஏன் ஆப்பு வடிவக் குறிகளாய் மாறின என்பதை நான் விளக்கவேண்டிய அவசியமே எழவில்லை. எழுத்துக்கூட்டி வாசிக்க இன்றும் திணறுகிற பிள்ளை அவன். மூத்தவள் பக்கம் பக்கமாய் வாசித்துச் சொல்லுவாள். இவனோ கையால் தொட்டதை மட்டுமே ஒரு மாதத்துக்குப் பிறகும் சொல்லுகிறான். கைவேலை முழுவதையும் ஒதுக்கிவிட்டால் இவனுக்கு வரலாறு என்பதே ஏறக்குறைய இல்லாமற்போகும். அந்தச் சகோதரியின் களைப்பு எவ்வளவு மெய்யோ, இதுவும் அவ்வளவு மெய்.

சர்க்கரைப் பிரமிடை விட்டுவிட்டோம். கட்டிகளை ஒட்டும் பிள்ளை பசையைத்தான் அறிகிறது. (எறும்பு வருவது தனி.) அதற்கு மாறாக ஒரு மாலை வீதியில் நடந்தோம். கீசாவின் பெரிய பிரமிடில் ஒரு பக்கத்தின் நீளம் ஏறத்தாழ 230 மீட்டர். அவ்வளவு தூரம் நடந்து, திரும்பி, மறுபடி நடந்து, நான்கு பக்கங்களையும் முடிக்கும்முன் கால் வலிக்கிறது என்றான் சிறியவன். செலவு ஒன்றுமில்லை, துடைக்க மேசையும் இல்லை.

கழிப்பறைக் காகிதத்தை உடலில் சுற்றி மம்மி செய்யும் வேலை விளையாட்டு; மழை பெய்யும் பிற்பகலில் தாராளமாய் விளையாடட்டும், அதைப் பாடம் என்று எண்ணவேண்டாம். ஆனால் ஓர் ஆப்பிள் துண்டை உப்பும் சமையல் சோடாவும் கலந்த தூளில் புதைத்து, நாள்தோறும் தராசில் நிறுத்துப் பார்ப்பது வேறு. எகிப்தியர் உடலை உலர்த்தப் பயன்படுத்திய நாட்ரன் உப்பும் ஏறத்தாழ இத்தகைய கலவையே. ஒரு வாரத்துக்குள் துண்டு சுருங்கி, எடை குறைந்துவிடுகிறது. யாக்கோபின் உடலுக்குச் சுகந்தவர்க்கமிட நாற்பது நாள் சென்றது என்று ஆதியாகமம் 50-ஆம் அதிகாரம் கூறும்போது, அந்த நாற்பது நாள் எதற்கு என்று எங்கள் பிள்ளைகள் இப்போது கேட்பதில்லை. ஆப்பிளை வைக்க ஐந்து நிமிடம், நிறுக்க நாளுக்கு ஒரு நிமிடம்.

சுவரில் ஒரு நூலும் கட்டியிருக்கிறோம். பத்து ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். பிரமிடிலிருந்து கிளியோபாத்ராவின் மரணம் வரை சுமார் இரண்டரை மீட்டர். அவளிடமிருந்து நம்மிடம் வர இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். அவள் பிரமிடைக் காட்டிலும் நமக்கே அருகில் இருக்கிறாள் என்பதை மூத்தவள் நம்ப மறுத்து, அளவுநாடாவால் மறுபடியும் அளந்தாள்.

அந்தச் சகோதரிக்கு நான் சொன்னது இதுதான்: அலமாரியில் உள்ளவற்றைக் குப்பையில் போட்டுவிடுங்கள். மாதத்துக்கு ஒன்று போதும். அதையும் நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில், பிள்ளைகளே துடைத்து வைக்கும்படி தெரிந்துகொள்ளுங்கள். மற்ற வாரங்களில் வாசியுங்கள், சொல்லச் சொல்லுங்கள். எந்த ஒன்று என்று பாடநூலைக் கேட்காதீர்கள்; உங்கள் பிள்ளைகளில் வாசிக்கத் திணறுகிறவனைப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் அடுத்த வாரம் ரோம் தொடங்குகிறது. நூல் நான்கு வேலைகளைக் கேட்கிறது: வண்ணக் காகிதத் துண்டுகளால் மொசைக், அட்டைக் கேடயம், போர்வையில் ரோம அங்கி, நீர்க்கால்வாய். முதல் மூன்றையும் கோடிட்டு அடித்துவிட்டேன். பிரான்சின் நீம் நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த ரோமக் கால்வாய் சுமார் 50 கிலோமீட்டர் நீளம். அவ்வளவு தூரத்துக்கும் சரிவு ஏறத்தாழ 12 மீட்டர் மட்டுமே. இரண்டாய்ப் பிளந்த பிளாஸ்டிக் குழாயும், அண்டை வீட்டாரின் ரசமட்டமும், தோட்டத்துத் தண்ணீரும் ஆயத்தமாயிருக்கின்றன. நீர் தேங்காமலும் பாயாமலும் ஓடும்படி அதை வைப்பது சிறியவனின் பொறுப்பு.