பல்லாவரம் எந்த மாவட்டம்?

குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள் பலர், பல்லாவரத்தில் பிறந்த கொள்ளுத்தாத்தாவுக்கு 'பிறந்த ஊர்: சென்னை' என்று போட்டுவிடுகிறார்கள். தேடல் அங்கேயே தடம் மாறிவிடும். அந்தக் காலத்துப் பத்திரத்தை விரித்தால் 'செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா' என்றுதான் இருக்கும். 1997இல் அதே வீடு காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் போனது. 2019 நவம்பரில் மறுபடி செங்கல்பட்டு. 2021இலிருந்து தாம்பரம் மாநகராட்சி.

பல்லாவரம் என்று மட்டும் எழுதினாலும் போதாது. ஜமீன் பல்லாவரமா, ஈசா பல்லாவரமா, கன்டோன்மென்ட் பகுதியா என்பதைப் பொறுத்துப் புரட்ட வேண்டிய பதிவேடே மாறும்.

ஊரைத் துல்லியமாகக் குறிப்பதன் அருமை தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கப்பலேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவரின் பெயர், தகப்பன் பெயர், வயதோடு ஜில்லாவும் தாணாவும் (காவல் நிலைய எல்லை) கிராமமும் உண்டு. குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால் கிராமப் பெயர் பலமுறை உருத்தெரியாமல் சிதைந்திருக்கும். ஜில்லாவும் தாணாவும் சரியாக இருந்தால், சுற்றுவட்டாரக் கிராமங்களோடு ஒப்பிட்டு ஊரைப் பிடித்துவிடலாம். கொள்ளுப்பேரர்களுக்கு அதுதான் பிடிமானம்.

ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்றும் நிலையாக இல்லை. 2020 ஜூனில் 1,018 ஊர்களுக்கு அதை மாற்றி வந்த அறிவிப்பு, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

ஆகவே ஆவணத்தில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் முதலில் குறிக்க வேண்டும். பக்கத்தில் ஆவணத்தின் ஆண்டு. இன்றைய பெயரும் மாவட்டமும் தனி வரியில் வரட்டும். பழையதை அடித்துத் திருத்தவே கூடாது.