தூண்டில் போட ஓர் அணை

அணை என்றதும் மேட்டூரோ பக்ரா நங்கலோதான் ஞாபகத்துக்கு வரும். மந்திரி வந்து மதகைத் திறப்பார், மலர் தூவுவார், நீர்மட்டம் தினமும் பேப்பரில் வரும். ஆனால் உலகத்தில் முக்கால்வாசி அணைகள் சின்னவை. நம்மூர் ஏரிக்கரை மாதிரி மண்ணைக் கொட்டிக் கட்டியவை. அமெரிக்காவில் பாதிக்கு மேல் தனியாருக்குச் சொந்தம். அங்கே அணை எதற்கு என்று கணக்கெடுத்தால் முதலிடம் பாசனத்துக்கு இல்லை, பொழுதுபோக்குக்கு!

அப்படி ஒன்றுதான் ஜார்ஜியா மாநிலத்து டொக்கோவாவில் இருந்த கெல்லி பார்ன்ஸ் அணை. 186 அடி அருவிக்கு மேலே, ஓடையை மறித்து, 1899-ல் மின்சாரத்துக்காக மரச்சட்டத்தில் கல்லை நிரப்பி ஒரு தடுப்பு கட்டினார்கள். அருவிக்குக் கீழே இருந்த விவிலியக் கல்லூரி 1930-களின் கடைசியில் அந்தப் பழைய தடுப்பின் மேலேயே மண்ணைக் கொட்டி அணையாக்கியது. போருக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்கள். கடைசியில் சுமார் 40 அடி உயரம், 40 ஏக்கர் ஏரி.

1957-ல் மின்சாரம் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு ஏரி மீன் பிடிக்க, பொழுது போக்க.

வினை இங்கேதான் ஆரம்பித்திருக்க வேண்டும். வேலை செய்கிற பொருளுக்கு ஓர் ஆள் இருப்பான். தண்ணீர் ஒழுகினால் அவனுக்குத்தான் முதலில் தெரியும். வேலை போனபின் அணை வெறும் காட்சி ஆகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு வருபவர் தண்ணீரைப் பார்ப்பார், கரையின் பின்பக்கத்தை எதற்குப் பார்க்கப் போகிறார்?

அந்தப் பின்பக்கம் மிகச் செங்குத்தான சரிவாக இருந்தது. அதில் மரங்கள் வேறு. (நம் ஏரிக்கரையில் பனை நிற்கவில்லையா என்று கேட்கலாம். பனைக்குச் சல்லிவேர். பைன் மரத்தின் தடித்த வேர் மக்கினால் கரைக்குள் தண்ணீர் போக ஒரு குழாயே தயார்.) 1973-ல் எடுத்த ஒரு படத்தில் கரை சரிந்திருப்பது பளிச்சென்று தெரிகிறது. 12 அடி உயரம், 30 அடி அகலம். படம் எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

1977 நவம்பர் 6, இரவு ஒன்றரை மணி. சில நாட்களாக விடாத மழை. கரை உடைந்தது. ஏரி மொத்தமும் அருவி வழியாகக் குதித்து, தூங்கிக்கொண்டிருந்த கல்லூரி வளாகத்துக்குள் புகுந்தது. விடுதியின் கீழ்த்தளம், வீடுகள், குடும்பங்கள் தங்கியிருந்த டிரெய்லர்கள். இறந்தவர்கள் 39 பேர். அதில் 20 பேர் குழந்தைகள்.

விசாரித்தவர்களால் இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் சொல்ல முடியவில்லை. செங்குத்துச் சரிவு, கசிவு, மழை எல்லாம் சேர்ந்திருக்கலாம் என்றார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அணைகளைச் சோதிக்க 1972-லேயே சட்டம் வந்துவிட்டது. சோதனைக்குப் பணம்தான் வரவில்லை! அப்போதைய ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஜார்ஜியாக்காரர். இந்த 39 பேர் செத்தபிறகு உடனே சோதனைக்கு உத்தரவிட்டார். அடுத்த நாலு வருஷத்தில் சுமார் 9,000 அணைகளைப் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒன்று பாதுகாப்பற்றது.

கெல்லி பார்ன்ஸ் அணையைத் திரும்பக் கட்டவில்லை. அருவியும் கல்லூரியும் அதே இடத்தில்தான் இருக்கின்றன.