கிரகணமும் அத்தையும்

கிரகணம் என்றால் உங்கள் வீட்டிலும் கர்ப்பிணிகளை வெளியே விடமாட்டார்கள்தானே? மாமல்லபுரம் பக்கம் இருக்கும் என் அத்தை அன்று வெளியே வந்துவிட்டாராம். மகனுக்குப் பிறவியிலேயே உதட்டுப் பிளவு. கைக்குழந்தையிலேயே தைத்துவிட்டார்கள். ஆனால் போட்டோ என்றாலே அவன் கை இன்றும் வாயை மூடும். அத்தையோ இருபது வருடமாகத் தன்னையே திட்டிக்கொள்கிறார்.

நான் செங்கல்பட்டில் பி.காம். படிப்பவன். உத்தரப் பிரதேசச் சிறுமி ஒருத்தியின் உதட்டு அறுவை சிகிச்சையைச் சொல்லி 2009-ல் ஆஸ்கர் வாங்கிய 'ஸ்மைல் பிங்கி' ஆவணப்படத்தைப் பார்த்த பிறகுதான் தேடிப் படித்தேன். போன வாரம் அத்தையிடம் கேட்டேன்.

"கிரகணம் எத்தனாவது மாசத்துல அத்தை?"

"ஏழாம் மாசம்."

"உதடு நாலுல இருந்து ஏழு வாரத்துக்குள்ளயே சேர்ந்துடும். கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மகனைக் கூப்பிட்டார். "இவன் சொல்றத நீயும் கேளுடா."